மாத்திரை காத்திருக்காது

(மேடவாக்கத்தில் குடியிருப்போர் மாலைக் கூட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலை. மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து கிழக்குத் தாம்பரம் போக ஆட்டோ ஏறினேன். மணி பத்தரை இருக்கும். ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். வேங்கைவாசல் வரைக்கும் மழை, ரோடு, பெட்ரோல் விலை என்று பேசிக்கொண்டே வந்தவர், சந்தோஷபுரம் நெருங்கும்போது பேச்சை விட்டுவிட்டார். வண்டி மெல்ல இடப்பக்கம் இழுத்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சால்வை போர்த்திக்கொண்டிருந்த அந்தக் குளிரில், அவர் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிப் புருவத்தில் நின்றது.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். திரும்பி, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். ஏறும்போதே சொல்லியிருந்தேன். அவரே வாடகையும் பேசியிருந்தார்.

எதிரே டீக்கடை. அங்கே நின்ற ஒருவர், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்றார். நான் கீழே இறங்கி ஓட்டுநர் பக்கம் போனேன். "சுகர் மாத்திரை போடறீங்களாண்ணே?" தலையை ஆட்டினார். "சாப்டீங்களா?" "டீ குடிச்சேன். சக்கரை இல்லாம." கடைக்காரரிடம் அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கேட்டேன். கொடுத்தார். ஓட்டுநரிடம் நீட்டினேன். அவர் புறங்கையால் டம்ளரைத் தள்ளினார். "எனக்கு சுகரும்மா. சக்கரை ஆகாது. டாக்டர் திட்டுவாரு."

முப்பத்து நாலு வருடம் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் நான். அந்த வார்த்தையை இன்றைக்கு வரை என்னால் மறக்க முடியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை வற்றி, கை நடுங்கி, போகிற ஊர் மறந்துபோன மனுஷன், தன்னைக் காப்பாற்றப்போகிற பொருளைத் தள்ளிவிடுகிறார். அப்படிச் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான். அட்டை அட்டையாக மாத்திரையை எண்ணிக் கொடுத்து, "இனிப்பைத் தொடாதீங்க" என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். "சுகர் ரொம்ப இறங்கினா உடனே இனிப்பு சாப்பிடணும், அது தப்பில்லை, அதுதான் மருந்து" என்று எத்தனை பேருக்குச் சொன்னேன்? வரிசை நீளமாக இருக்கும். பின்னால் நிற்பவர் கத்துவார். சொல்லாமல் விட்டேன். அந்தக் கடனை அடைக்கத்தான் இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுகிறேன்.

அந்த அண்ணனைக் கெஞ்சிக் குடிக்கவைத்தேன். அவர் கதை பிறகு தெரிந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு மாத்திரை. ஏழிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் சவாரி. அதை முடித்துப் பெரும்பாக்கத்துக்கு ஒரு சவாரி, அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்று. நாலரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் போனது ஒரு கிளாஸ் டீ. பத்து நிமிடம் கழித்து முகம் தெளிந்தது. "தாம்பரந்தானேம்மா? ஏறுங்க" என்றார். "முதல்ல அங்க ரெண்டு இட்லி சாப்பிடுங்க, நான் காத்திருக்கிறேன்" என்றேன்.

லோ சுகர் என்றால் என்ன என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை 100 என்று மீட்டர் காட்டினால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் சர்க்கரை என்று அர்த்தம். 5 லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள். 5 கிராம் வரும். ஒரு ஸ்பூன் சர்க்கரை. எந்த நேரத்திலும் நம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பது அவ்வளவுதான். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே இருக்கிற மூளை, உடம்பு செலவிடும் சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அது பெரும்பாலும் இந்த ஒரு ஸ்பூனை நம்பித்தான் ஓடுகிறது. கல்லீரல் விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

70க்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே போனால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது. முதலில் உடம்பு அட்ரினலினைச் சுரந்து கூப்பாடு போடும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி எல்லாம் அந்தக் கூப்பாடுதான். அப்போதும் சாப்பிடாவிட்டால் மூளை தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், தெரிந்த முகமே தெரியாது. வீட்டில் சாந்தமான மாமனார் திடீரென்று சிடுசிடுக்கிறார் என்றால், மனஸ்தாபம் என்று ஒதுங்காமல் ஒரு முறை விரலில் குத்திப் பாருங்கள்.

இந்தக் கூப்பாட்டை எல்லோருக்கும் உடம்பு போடாது என்பதையும் சொல்லவேண்டும். அடிக்கடி சுகர் இறங்கிப் பழகியவர்களுக்கு, பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, அலாரம் மழுங்கிவிடும். நடுக்கம் வராமலேயே நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுவார்கள். பிபிக்கும் இதயத்துக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் பெரும்பாலும் வரும். அவர்கள் வியர்வையை நம்பவேண்டும்.

சரி, எல்லாச் சுகர் மாத்திரையும் இப்படிச் செய்யுமா? செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு லோ சுகர் அபூர்வம். கிளிப்டின் என்று முடிகிற மாத்திரைகளும், கிளிஃப்ளோசின் என்று முடிகிறவையும் தனியாகக் கொடுத்தால் அப்படித்தான். கவலைப்படவேண்டியது இரண்டு: ஒன்று இன்சுலின். மற்றொன்று கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு என்கிற குடும்பம். சல்ஃபோனைல்யூரியா என்பது குடும்பப் பெயர். மலிவு, நன்றாக வேலை செய்யும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையைத்தான் உங்களில் பலர் போடுகிறீர்கள்.

இந்தக் குடும்பத்தின் பிறந்த கதையை நான் எந்தக் கூட்டத்திலும் விடுவதில்லை. 1942. இரண்டாம் உலகப்போர் நடக்கிறது. பிரான்சின் தெற்கே மோன்பெலியே என்ற ஊர். உணவுப் பங்கீட்டுக் காலம். ஜனங்கள் மெலிந்து கிடக்கிறார்கள். டைபாய்டு வந்தவர்களுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார் மார்செல் ழான்போன் என்ற மருத்துவர். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து; ஆனால் சிலருக்கு வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. சிலர் இறந்தும்போகிறார்கள். ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருக்கிறது. அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லூபாத்தியேர் என்ற ஆய்வாளரிடம் இதைச் சொல்கிறார். அவர் நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார், சர்க்கரை இறங்குகிறது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்குக் கொடுக்கிறார், இறங்கவில்லை. அப்படியானால் இந்த மருந்து கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிறது என்று புரிந்துகொள்கிறார். 1950களின் நடுவில் இந்த வம்சத்து மாத்திரைகள் கடைக்கு வந்தன.

பாருங்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து தேடிப் போய் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பசித்த வயிற்றில் இது என்ன செய்யும் என்பதைத்தான் உலகம் முதலில் பார்த்தது. மருந்தாக ஆனதெல்லாம் பிறகு. நம் வீட்டில் வெறும் வயிற்றோடு இதைப் போட்டுவிட்டு வாசல் கூட்டப் போகும்போது, மோன்பெலியேவில் நடந்ததைச் சின்ன அளவில் திரும்ப நடத்துகிறோம். சோறு வந்ததா என்று இந்த மாத்திரை பார்க்காது. உள்ளே போனதும் கணையத்தைத் தட்ட ஆரம்பித்துவிடும்.

இதில் கிளிபென்கிளமைடு மிக நீண்ட நேரம் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டயோனில் என்ற பெயரில் எல்லோருக்கும் அதுதான். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் அதைப் போடுகிறார் என்றால், நீங்களாக நிறுத்தாதீர்கள்; அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அம்மா கற்றுக்கொடுத்த பாடம் இது.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். சிப்ரோஃபிளாக்சசின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரவு ரெண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. வழக்கமான சுகர் மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். ராத்திரி இரண்டரை மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தால், அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து புடவை முந்தானையைக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தார். வைப்பார், பிரிப்பார், மறுபடி வைப்பார். "பால் வந்துடுச்சா?" என்றார். முதுகெல்லாம் நனைந்திருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஜுரம் விடுகிறது, அதனால்தான் வேர்க்கிறது என்று நினைத்தேன். துண்டால் துடைத்துப் படுக்கவைத்தேன். பிறகு என்னை அவருடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெரியம்மா இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் மீட்டரைத் தேடி ஓடினேன். 38.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 82. முந்தானை கையிலிருந்து விழுந்தது. "எதுக்கு லைட்டைப் போட்டே?" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. தீர்ந்தது என்று படுத்தேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. ஐந்து மணிக்கு மறுபடி 44. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், விழுங்கவில்லை. 108க்குப் போன் செய்தேன். மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, ஒன்றரை நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

என்ன நடந்தது? மாத்திரை அதே மாத்திரை, அளவும் அதே. ஆனால் சாப்பாடு குறைந்தது. தொற்றினால் சிறுநீரகம் மந்தமாகி, மருந்தை வெளியேற்றவில்லை. சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகள் சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையை இன்னும் இறக்கலாம். அதே வகையைச் சேர்ந்த காட்டிஃபிளாக்சசின் சர்க்கரையை ஏற்றி இறக்கி ஆட்டிவைத்ததால் 2011ல் இந்திய அரசு தடையே செய்தது. இது எல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். என் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தச் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையால் வந்த லோ சுகர் ஒரு முறை சரியானால் முடிந்துவிடாது. மருந்து உடம்பில் இருக்கிற வரைக்கும், ஒரு நாளுக்கு மேலும்கூட, திரும்பத் திரும்ப இறங்கலாம். சரியாகிவிட்டதே என்று தூங்கப் போகக்கூடாது. மயங்கி விழுந்தவரை, தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது. காய்ச்சல், வாந்தி, பேதி வந்து சாப்பாடு குறைந்த அன்று மாத்திரையை எப்படிப் போடுவது என்று, உடம்பு நன்றாக இருக்கிற நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பாருங்கள்.

கை வைத்தியத்துக்கு வருகிறேன். நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால், 15 கிராம் சர்க்கரை. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட்டாகவேண்டும். மீட்டர் இல்லை, ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். லோ சுகர் என்று எடுத்துக்கொண்டு கொடுங்கள். தப்பாகக் கொடுத்த மூன்று ஸ்பூன் சர்க்கரையால் ஒருவரும் சாகப்போவதில்லை. மைசூர்பாகு, பர்பி, சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது. நெய்யும் கொழுப்பும் சர்க்கரையை மெதுவாக்கிவிடும். மோரில் சர்க்கரை போதாது. இளநீரை நம்பியும் உட்காராதீர்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. நாம் டீயில் போடுகிற சர்க்கரையைக் குடல் இரண்டாக உடைத்துத்தான் ரத்தத்துக்கு அனுப்பும். அந்த உடைக்கிற வேலையைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் தொழிலே. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்கவேண்டும். அதை உடைக்கத் தேவையில்லை. மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதை நம் கடைகளில் தினமும் விற்கிறார்கள். உங்கள் அட்டையில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அது என்னவென்று படித்துவிடுங்கள். இப்போது ஒரு கேள்வி: இந்த நிமிடம் கைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? மூன்று கைகள்தான் தெரிகின்றன. அடுத்த முறை நான் வரும்போது மூன்று போதாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் புழங்குகிறது. ஒன்று மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்று மில்லிக்கு 100 யூனிட். அதற்கேற்ற சிரிஞ்சும் இரண்டு. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் ஆகாது; 50 யூனிட். இரண்டரை மடங்கு. கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுத்ததை மூடியின் நிறம் பார்க்காமல் போட்டு, மயங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புட்டியில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40. இதை வீட்டில் ஊசி போடுகிற பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

இப்போது நான் மனம் வருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்ததும், மறந்துவிடுவோம் என்று பயந்து மாத்திரையைப் போட்டுவிடுகிறார். அப்புறம் காபி, பிள்ளைகளுக்கு டிபன், மூன்று டப்பா, துணி, வாசல். தட்டெடுத்து உட்காரும்போது பத்து மணி. அதற்குள் ரெண்டு தடவை கண்ணைக் கட்டியிருக்கும். "வெயில்", "வயசு", "தலைசுத்தல்" என்று சுவரைப் பிடித்து நின்றுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஊருக்குள் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வீட்டு வேலை முடிந்துதான் வாயில் ஏதாவது போகும். அந்த வீட்டுக்காரர்களில் சிலர் இங்கே இருக்கலாம். வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா, சாப்பிட்டு வந்தாரா என்று நீங்கள் கேட்கவேண்டும். அபார்ட்மென்ட் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற காவலாளி அய்யாவையும் கேளுங்கள்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். சுகருக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதன் காலத்திலிருந்து இந்த ஊர் இந்த நோயோடு போராடிவருகிறது. மாத்திரை வீட்டுக்கு வந்தது அந்தப் போராட்டத்தில் பெரிய எட்டு. என் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் மாத்திரை கொடுக்கிற அந்தத் தன்னார்வலர் சகோதரி ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "போன மாசம் எப்பவாவது படபடன்னு வந்துச்சாம்மா?" அந்தப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும்.

விரதம் இருப்பவர்களை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்கள் உண்டு, ஏகாதசி உண்டு. ரம்ஜான் நோன்பைப் பற்றி இந்தியா உட்பட 13 நாடுகளில் 2001ல் ஓர் ஆய்வு செய்தார்கள். டைப் 2 நோயாளிகளுக்கு அந்த மாதத்தில் கடுமையான லோ சுகர் வழக்கத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே போய் டாக்டரைப் பார்த்தால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். விரதத்தின்போது விரலில் குத்திப் பார்க்கலாம். அதனால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். 70க்குக் கீழே போனால் விரதத்தை முடித்துவிடவேண்டும். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்று நான் நம்புகிறேன்.

காலை நடைப்பயிற்சியில் ஒரு பேச்சு கேட்கிறேன். "எனக்கு மூணு மாச சராசரி ஆறுதான் சார்." "எனக்கு ஐந்தே முக்கால்." HbA1c என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை மார்க் ஷீட் மாதிரி ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து அக்கார்டு என்று ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு அந்த சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டினார்கள். அந்தப் பாதியில் சாவு அதிகமானதால் 2008 பிப்ரவரியில் அந்த முயற்சியையே நிறுத்தினார்கள். லோ சுகர்தான் காரணம் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. ஆனால் கடுமையான லோ சுகர் அந்தப் பக்கம்தான் கூடுதலாக இருந்தது. வயதான, இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்றே இப்போது மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எண்பது வயதுத் தாத்தா ஆறு வாங்கினால் கை தட்டாதீர்கள். எப்படி வாங்கினார், ராத்திரியில் தலையணை நனைகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறாரா என்று கேளுங்கள்.

மழைக்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் முடிச்சூரிலும் தண்ணீர் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்க முடியாது. கரண்ட் இல்லை, பால் இல்லை. மாத்திரை டப்பா மட்டும் பத்திரமாக இருந்தது. பழக்கத்தில் எல்லோரும் வேளை தவறாமல் போட்டார்கள். புயல் அறிவிப்பு வந்தால் மெழுகுவத்தியோடு ஒரு பாக்கெட் குளுக்கோஸ், அவல், பொட்டுக்கடலை, ஒரு டப்பா ஸ்ட்ரிப் எடுத்துவையுங்கள். ஃபிரிட்ஜ் நின்றுபோனால் இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைக்கலாம். உறையவைக்கக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. சிறுகுறிஞ்சானும் ஆவாரம்பூவும் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவேண்டாம். ராத்திரி சாராயமோ பிராந்தியோ குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிறவர்களுக்கு, கல்லீரல் சர்க்கரையை ஊற்றுகிற வேலை நின்றுபோகும்; வாடையை வைத்துப் போதை என்று முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் சாப்பிட்டிருக்கவேண்டும். வழியில் படபடப்பு வந்தால் முதலில் ஓரம் கட்டவேண்டும். அந்த ஆட்டோ அண்ணன் இப்போது ஹேண்டில் பாருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டியிருக்கிறார். அதில் குளுக்கோஸ் இருக்கிறது. கூட்ரோட்டில் பார்த்தால் டப்பாவைத் தட்டிக் காட்டுவார்.

கேள்விகளை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மணி எட்டாகப் போகிறது. பின்னால் இட்லி தயாராக இருக்கிறது என்று சொன்னார்கள். ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள், ஊசி போட்டுவிட்டு வந்தவர்கள், தயவுசெய்து எழுந்து முதலில் சாப்பிடப் போங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.